ஷிகுருய்: பாருங்கள், ஆனால் சாப்பிடும்போது வேண்டாம்

முதலில் எச்சரிக்கை. இது பதினெட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான அனிமே. ரத்தம் இருக்கிறது, குடல் இருக்கிறது, பெண்கள் மேல் நடக்கும் கொடுமை இருக்கிறது. வீட்டு ஹாலில் தம்பி தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது போட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார வேண்டாம். நான் உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. :-)

"நல்ல அனிமே ஏதாவது சொல்லுடா" என்று கிளாஸில் வாரத்துக்கு ஒருத்தனாவது கேட்கிறான். கேட்கிறவன் நருட்டோவை ஏற்கெனவே முடித்திருப்பான். டெத் நோட் இரண்டு தடவை பார்த்திருப்பான். டீமன் ஸ்லேயர் படம் 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கிலேயே தியேட்டருக்கு வந்தபோது போய் விசிலும் அடித்திருப்பான். "கத்திச் சண்டை வேணும், ஆனா டார்க்கா வேணும்" என்பான். அவனுக்கு இனிமேல் ஒரே பதில்தான் சொல்லப் போகிறேன். ஷிகுருய்.

ஆனால் கத்திச் சண்டைக்காக மட்டும் இதை நான் சிபாரிசு செய்யவில்லை. நம்ம ஊரில், அதுவும் கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போகிற நம்மை மாதிரி பையன்கள் பார்க்க வேண்டிய படம் இது என்பது என் கட்சி. ஜப்பானிய வாள் சண்டைக்கும் சிப்காட்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை.

போன செமஸ்டர் லீவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒரு மாதம் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். பெயர் வேண்டாம். காலையில் மீஞ்சூரில் லோக்கல் பிடித்தால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. இறங்கினால் பாதி ரயில் நம்மோடு இறங்கும். இரும்பு உருக்குகிற இடம், கம்பி இழுக்கிற இடம், பிரஸ் ஷாப் என்று ஷேர் ஆட்டோ ஒவ்வொரு கேட்டாக ஆளைக் கொட்டிக்கொண்டே போகும்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது ஜப்பானிய வார்த்தைகள்தான். சுவரில் பெரிய போர்டு: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ஃபைவ் எஸ். தேவையில்லாததைப் பிரி, இருப்பதை ஒழுங்காக வை, துடை, அதையே வழக்கமாக்கு, கடைசியில் ஒழுக்கம். இன்னொரு பக்கம் கைசென். அதற்குப் பக்கத்தில் போகா யோகே. நம்ம பக்கத்துத் தொழிலாளி ஒரு ஜப்பான்காரனைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார், ஆனால் ஐந்து ஜப்பானிய வார்த்தை மனப்பாடமாகச் சொல்லுவார்.

முதல் நாள் வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அந்த ஐந்தாவது எஸ்ஸை விளக்கினார். "ஷிட்சுகேன்னா டிசிப்ளின். சாமுராய் மாதிரி இருக்கணும். தலைவன் சொன்னா செய்யணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. அதனாலதான் ஜப்பான் அந்த எடத்துல இருக்கு, நீங்க இந்த எடத்துல இருக்கீங்க." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அனிமேவுக்கு வருகிறேன்.

ஷிகுருய் 2007ல் வந்த பன்னிரண்டு எபிசோடு தொடர். டெத் நோட் எடுத்த அதே மேட்ஹவுஸ் ஸ்டூடியோ. இயக்கம் ஹமாசாகி ஹிரோஷி. யமாகுச்சி தகாயுகி 2003லிருந்து 2010 வரை வரைந்த மங்காதான் மூலம். அந்த மங்காவுக்கும் ஒரு மூலம் உண்டு: நான்ஜோ நோரியோ என்ற எழுத்தாளர் 1956ல் எழுதிய நாவல். அதில் பல சண்டைகள், பல கதைகள். மங்கா எடுத்துக்கொண்டது முதல் சண்டையை மட்டும். ஒரே ஒரு சண்டைக்கு பதினைந்து வால்யூம்!

கதை நடக்கும் வருடம் 1629. இந்த வருடம் முக்கியம். 1600ல் செகிகஹாரா, 1615ல் ஒசாகா கோட்டை, அதோடு பெரிய போர்கள் எல்லாம் முடிந்துவிட்டன. நாட்டில் அமைதி. ஆனால் இடுப்பில் இரண்டு வாளோடு லட்சக்கணக்கான ஆண்கள் இருக்கிறார்கள், வெட்டுவதற்கு ஆள் இல்லை. சம்பளம் அரிசிக் கணக்கில் வருகிறது. பதவி, பரம்பரை, யார் யாருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்கிற மரியாதைக் கணக்கு... இதுதான் வாழ்க்கை. நாம் சினிமாவில் பார்க்கிற சாமுராய் வீரம் எல்லாம் முடிந்துபோய், அதன் சடங்கு மட்டும் மிச்சம் இருந்த காலம்.

சுருகா கோட்டையின் பிரபு தோகுகாவா ததனாகா. மூன்றாவது ஷோகுன் இயேமிட்சுவின் சொந்தத் தம்பி. இவர் நிஜ ஆள். போட்டி மட்டும் கதாசிரியரின் கற்பனை. மரவாளில் நடக்க வேண்டிய போட்டியை நிஜ வாளில் நடத்தச் சொல்கிறார் ததனாகா. காரணம் எதுவும் இல்லை, பார்க்க ஆசை. அவ்வளவுதான். மூத்த பிரதானி ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வருகிறார். பிரபுவுக்கு எதிராக வாய் திறக்க அந்தச் சமூகத்தில் ஒரு கடைசி வழி இருந்தது. தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு, செத்துக்கொண்டே சொல்ல வேண்டும். அவர் அதைத்தான் செய்கிறார். குடல் வெளியே வருகிறது. பிரபுவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போட்டி நடக்கிறது.

முதல் எபிசோடின் ஆரம்பமே இதுதான். பாதிப் பேர் இங்கேயே மூடிவிடுவார்கள். மூடாதீர்கள்.

களத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தன் ஃபுஜிகி கென்னோசுகே. ஒரு கை இல்லை. இன்னொருத்தன் இராகோ செய்கென். இரண்டு கண்ணும் இல்லை, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். கூட்டம் முணுமுணுக்கிறது. இவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? அங்கிருந்து கதை பின்னால் போகிறது. இவர்கள் இரண்டு பேரும் முழு உடம்போடு இருந்த காலத்துக்கு, ஒரே குருவிடம் வாள் கற்றுக்கொண்ட காலத்துக்கு.

குரு இவாமோதோ கோகன். வலது கையில் ஆறு விரல். வாள் வித்தையில் அசுரன். ஆனால் இப்போது புத்தி கலங்கிவிட்டது. வருடத்தில் பெரும்பாலான நாள் எச்சில் ஒழுகக் கிடப்பார், எப்போதாவது தெளிவார். தெளிந்தால் இன்னும் ஆபத்து. அந்தத் தெளிவில் அவர் என்ன சொன்னாலும் சீடர்களுக்குச் சட்டம். புத்தி கலங்கிய நேரத்தில் சொன்னாலும் சட்டம்தான்! ஃபுஜிகி ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை, குரு எடுத்து வளர்த்ததால் சாமுராய் ஆனவன். நன்றி விசுவாசத்தின் மொத்த உருவம். பேசவே மாட்டான். இராகோ வேறு ரகம். எதோ நகரத்தின் கீழ்த்தட்டிலிருந்து ஏறி வந்தவன், அழகன், திறமைசாலி, மேலே போக எதையும் செய்வான்.

இதுவரைக்கும் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஃபுஜிகி ஹீரோ, இராகோ வில்லன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்து நிமிடம் ஓடுகிற ஒரு காட்சி அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டது.

அந்தக் காட்சியைச் சொல்வதற்கு முன்னால் என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். பத்தாவதோடு ஐடிஐ போய்விட்டான். பிட்டர் முடித்துவிட்டு ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். பவர் பிரஸ் தெரியும்தானே? கீழே டை, மேலிருந்து பஞ்ச் இறங்கி தகட்டை அழுத்தும். ஆபரேட்டரின் கை உள்ளே மாட்டாமல் இருக்க இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள். சுவரில் எழுதியிருந்த போகா யோகே இதுதான், தப்பு நடக்கவே முடியாதபடி செய்துவிடுவது.

ஆனால் அதில் நேரம் போகும். ஒரு பட்டனில் கட்டையை வைத்து அடைத்துவிட்டால் ஒரு கை ஃப்ரீ. பீஸை எடுத்து வைக்கிற வேகம் கூடும். ஷிஃப்ட் கவுன்ட் ஏறும். யார் முதலில் சொன்னது, யார் செய்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவன் சேரும்போதே கட்டை அங்கே இருந்தது. "வச்சிக்கோ, டார்கெட் முடியணும்" என்று மட்டும் மேலே இருந்தவர் சொன்னார்.

சேர்ந்த நாலாவது மாதம் வலது கையில் இரண்டு விரல் போனது. ஆள்காட்டி விரலும் நடு விரலும், மேல் கணுவோடு. விசாரணையில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். இவன் கையெழுத்துப் போட்டான். இடது கையால்.

அவன் வீட்டில் கிடந்த நாட்களில் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவேன். அவனுக்கும் சண்டைப் படம் பிடிக்கும். ஷிகுருய் போட்டேன். ஒரு கை இல்லாத ஃபுஜிகி முதல் எபிசோடிலேயே வருவான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஃபுஜிகி களத்துக்குள் வந்ததும் நான் நிறுத்தப் போனேன். "ஓடட்டும்டா" என்றான்.

இப்போது அந்தக் காட்சி. கோகனுக்கு மியே என்று ஒரு மகள். வாள் பள்ளிக்கு வாரிசு வேண்டும். சீடர்களில் யாராவது ஒருத்தனுக்கு அவளைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கோகன் தன் மகள் விஷயத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு கேவலமான உத்தரவு போடுகிறார். விவரமாக எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் வேண்டாம் என்று துடிக்கிறாள். சீடர்கள் அவள் கையையும் காலையும் பிடித்துக்கொள்கிறார்கள். முகத்தில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை, வருத்தமும் இல்லை. குரு சொன்னார், பிடிக்கிறோம். பிடித்தவர்களில் ஃபுஜிகியும் ஒருத்தன். அவளை மனசுக்குள் விரும்புகிற ஃபுஜிகி.

மாட்டேன் என்று நிற்பது ஒரே ஒருத்தன்தான். இராகோ. நாம் வில்லன் என்று நினைத்தவன்.

இந்த இடத்தில் மியேவின் மனசில் ஓடுவதைக் காட்டுகிறார்கள். தன்னைச் சுற்றி இருக்கிற ஆண்கள் எல்லோரும் அவளுக்குப் பொம்மலாட்டப் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். கயிறு இழுத்தால் கை ஆடும் பொம்மைகள். அவ்வளவு வீரர்கள் நடுவில் மனுஷன் ஒருத்தன்தான்.

என் நண்பன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டான். "இவனுங்க ஏண்டா புடிக்கிறானுங்க? ஒருத்தன் கூட ஏன்னு கேக்கல பாரு." நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "நான் மட்டும் இன்னா, கேட்டனா? கட்டைய வச்சிக்கோன்னாரு, வச்சிக்கினேன்."

இதனால்தான் சிபாரிசு செய்கிறேன். வன்முறைப் படம் என்று எல்லோரும் சொல்கிற ஷிகுருய் உண்மையில் கீழ்ப்படிதலைப் பற்றிய படம். வாள் வெட்டு எல்லாம் கடைசியில் வருகிற பில். அதற்கு முன்னால் எத்தனை தடவை எத்தனை பேர் "சரிங்க" என்று சொன்னார்கள் என்பதுதான் கதை.

நம்ம சினிமாவை யோசித்துப் பாருங்கள். ஹீரோ ஒரு அடி அடித்தால் பத்து பேர் பறக்கிறார்கள். பறந்தவர்களில் ஒருத்தனாவது அடுத்த சீனில் கையில் கட்டோடு வந்திருக்கிறானா? அவன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியுமா? ஷிகுருயில் அப்படி இல்லை. ஒரு விரல் உடைந்தால் உடைந்ததுதான். போன கண் திரும்ப வராது. அடிக்கும் முன்னால் தோலுக்கு அடியில் தசை எப்படி இறுகுகிறது, எலும்பு எப்படித் திரும்புகிறது என்று எக்ஸ்ரே மாதிரி வரைந்து காட்டுகிறார்கள். நிறங்கள் வெளுத்துப்போய் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. இரண்டு பேர் நிற்பார்கள். அப்புறம் ஒரே வெட்டு, முடிந்தது. பவர் பிரஸ்ஸும் அப்படித்தான் என்று நண்பன் சொன்னான். சத்தம்கூட வித்தியாசமாகக் கேட்கவில்லையாம்.

சரி, இந்த விசுவாசப் பைத்தியம் ஜப்பான்காரனுக்கு மட்டும்தானா? அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. நம்ம ரயில் பாதையிலேயே ஒரு கதை இருக்கிறது.

திருவள்ளூரிலிருந்து மேற்கே போகிற பாதையில் அரக்கோணம். அதற்குப் பக்கத்தில் தக்கோலம். 949ல் அங்கே பெரிய போர். சோழர்கள் ஒரு பக்கம், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் இன்னொரு பக்கம். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். "யானைமேல் துஞ்சிய" என்று அவனுக்குப் பட்டமே உண்டு. கொன்றவன் கங்க நாட்டு பூதுகன். இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பதுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. ராஜாதித்தனிடம் கேரளத்திலிருந்து வந்த ஒரு தளபதி இருந்தான். வெள்ளங்குமரன் என்பவன்தான் அவன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போரில் தலைவனோடு சேர்ந்து சாக அவனால் முடியவில்லை. உயிரோடு இருப்பதே அவமானம் என்று தோன்றிவிட்டது. கங்கைக்குப் போய் நீராடிவிட்டு வந்து துறவியானான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் ஒரு மடத்துக்குத் தலைவரானான். எந்த ஊர் மடம் தெரியுமா? திருவொற்றியூர்! கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கிற அதே திருவொற்றியூர். 2018 வரைக்கும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஊர்க் கோயிலின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறது.

இப்போது ஜப்பானுக்குப் போங்கள். ஷிகுருய் என்ற வார்த்தைக்குச் சாவு வெறி என்று அர்த்தம் சொல்லலாம். அந்த வார்த்தை ஹாககுரே என்ற பழைய புத்தகத்திலிருந்து வந்தது. சொன்னவர் யமாமோதோ சுனேதோமோ. இவருடைய பிரபு நபேஷிமா மிட்சுஷிகே 1700ல் இறந்தார். பிரபுவோடு சேர்ந்து தானும் சாக வேண்டும் என்பது சுனேதோமோவின் ஆசை. ஆனால் அந்த வழக்கத்தை அந்தப் பிரபுவே தடை செய்திருந்தார், 1663ல் ஷோகுன் அரசும் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. சாக முடியவில்லை. துறவியானார். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, சாவே சாமுராயின் வழி என்று ஒரு இளைஞனிடம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் ஹாககுரே. அவர் தன் வாழ்க்கையில் ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை!

திருவொற்றியூரில் ஒருத்தர், ஜப்பானில் ஒருத்தர். நடுவில் எழுநூற்றைம்பது வருடம். இரண்டு பேரும் தலைவனோடு சாகவில்லையே என்ற வருத்தத்தில் துறவியானவர்கள். ஆக, இந்த நோய்க்கு நாடு கிடையாது. அந்தத் தளபதி திருவொற்றியூரில் மடத்தை நடத்தி, உயிரோடு இருந்து ஏதோ உருப்படியாகச் செய்தார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சாமுராயின் புத்தகமோ 1930களிலும் 40களிலும் போர்வெறி பிடித்த ஜப்பானில் பிரபலமாகி, பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் சாவதற்குப் போகும்போது கூடவே போனது.

"சாமுராய் மாதிரி இரு" என்று நமக்குச் சொல்கிறவர்கள் இதில் எந்தச் சாமுராயைச் சொல்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. ஜப்பான் தொழிற்சாலைகளை உயர்த்தியது இந்தச் சாமுராய் கீழ்ப்படிதல் இல்லை. கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. டொயோட்டா கம்பெனியின் தொடக்கம் கார் இல்லை, தறி. தொயோதா சாகிச்சி 1924ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். தப்பு நடந்தால் நில். அதே யோசனைதான் பிறகு கார் லைனுக்கு வந்தது. தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தப்பைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும், நேற்றுச் சேர்ந்தவனாக இருந்தாலும், கயிற்றை இழுக்கலாம். மேலே விளக்கு எரியும். ஆள் ஓடி வருவார். சரி செய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். ஆன்டான் என்று பெயர். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும்.

ஷிகுருயில் வருகிறவர்களுக்கு அந்தக் கயிறு இல்லை. அந்த மூத்த பிரதானி தன் குடலைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. என் நண்பனின் மெஷினுக்குப் பக்கத்தில் ஃபைவ் எஸ் போர்டு இருந்தது, கைசென் போர்டு இருந்தது, கயிறு மட்டும் இல்லை. ஜப்பானிலிருந்து வார்த்தைகளை எல்லாம் இறக்குமதி செய்தோம். நில் என்று சொல்கிற உரிமையை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டோம் போல.

இதைச் சொன்னால், "அப்போ யாரும் சொன்ன பேச்சைக் கேக்கக் கூடாதா, வேலை எப்படி நடக்கும்?" என்பார்கள். ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு பட்டனையும் அழுத்தித்தான் ஓட்டுவேன் என்பதுதானே உண்மையான ஒழுக்கம்? கட்டையை எடுத்து எறிந்திருந்தால் அதற்குப் பேர்தான் ஷிட்சுகே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக் கூடாது.

ஒன்று, கதை முடியாது. முதல் எபிசோடில் ஆரம்பிக்கிற ஒற்றைக் கை - குருடன் சண்டையின் முடிவை அனிமே காட்டவே இல்லை. பன்னிரண்டோடு நிற்கிறது. இரண்டாவது சீசனும் வரவில்லை. முடிவு வேண்டுமென்றால் மங்காதான் படிக்க வேண்டும்.

இரண்டு, பெண்களைக் காட்டுகிற விதம். மியேவும், கோகனின் ஆசைநாயகி இகுவும் அந்தச் சமூகத்தில் எப்படி நசுக்கப்பட்டார்கள் என்று காட்டுவது நியாயம். ஆனால் பல இடங்களில் கேமரா தேவையில்லாமல் அவர்கள் உடம்பையே சுற்றி வருகிறது. கொடுமையைக் கண்டிக்கிற மாதிரி காட்டிக்கொண்டே அதை ரசிக்கிறார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இதை யாராவது சொல்லி நிராகரித்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மூன்று, மெதுவாகப் போகும். ரீல்ஸ் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு எபிசோடு கஷ்டம். பின்னால் காதில் பூச்சிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ரத்தம் ஆகாது, ஆனால் விஷயம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. கோபயாஷி மசாகியின் ஹராகிரி, 1962ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். 1963ல் கான் விழாவில் ஜூரியின் சிறப்புப் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1630, ஷிகுருய்க்கு அடுத்த வருடம்! வேலை போன ஒரு ஏழைச் சாமுராயை மூங்கில் வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறது ஒரு பெரிய குடும்பம், கௌரவம் என்ற பெயரில். அவனுக்காகக் கேள்வி கேட்க ஒரு பெரியவர் வந்து அந்த முற்றத்தில் உட்காருகிறார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஷிகுருயில் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் படத்தில் ஒருத்தர் கேட்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

என் டிரெயினிங் முடிகிற வாரம் அந்த வகுப்பில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டார்கள். நான் எழுந்து, "சார், இங்க ஆபரேட்டர் லைனை நிறுத்தலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் நீ வேலைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பையன் சிரிக்கவில்லை. டீ பிரேக்கில் வந்து, "ஆமா, நிறுத்தலாமா?" என்று என்னையே கேட்டான்.

நண்பன் இப்போது வேறு இடத்தில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். எழுதும்போது பேனாவை மோதிர விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பிடிக்கப் பழகிவிட்டான். பன்னிரண்டு எபிசோடையும் பார்த்து முடித்தான். கடைசியில் என்னடா இது, முடிவே இல்லையே என்று என்னைத் திட்டினான். மங்காவை இறக்கிக் கொடுத்திருக்கிறேன். பத்தாவது வால்யூமில் இருக்கிறான்.

நீங்களும் ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு போதும், அதற்கு மேல் தாங்காது. பார்க்கும்போது யார் யாரை வெட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். யார் யார் "சரிங்க" என்று சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். எத்தனை வந்தது என்று அப்புறம் என்னிடம் சொல்லுங்கள்.